வாசகர் தரும் சந்தா, தளம் தரும் வாக்கு

கட்டண உறுப்பினர் இணையதளம் என்பது, பயனர் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு முன்பணம் கட்டி, அந்தக் காலம் முழுவதும் ஒரு சேவையைப் பெறும் ஏற்பாடு. செய்தி, தேர்வுப் பயிற்சி, இசைப் பாடம், யோகா, தொழில் ஆய்வு என எதை வைத்தும் இதை நடத்தலாம். கடைக்குப் போகிறவர் பொருளைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கிறார். உறுப்பினரோ பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, இனி வரப்போவதை நம்பிக் காத்திருக்கிறார். ஆகவே நம்பிக்கைதான் இந்தத் தொழிலின் முதல். தளத்தைத் தொடங்குவது முதல், வேண்டியிருந்தால் மூடுவது வரை, எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்த நம்பிக்கையை வளர்க்கிறதா, கரைக்கிறதா என்று பார்த்தே எடுக்கப்பட வேண்டும்.

இந்தியாவில் இந்த முறையைப் படித்தறிய ஏற்ற ஊர் பெங்களூரு. சிறு வணிகர்களும் இணையத்தில் பணம் பெற வழி செய்த இன்ஸ்டாமோஜோ 2012-இலும், ரேசர்பே 2014-இலும், போன்பே 2015-இலும் தொடங்கப்பட்டன. மூன்றுமே பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தவை. தளத்தை வடிவமைக்கும் பொறியாளர்களும், நல்ல எழுத்துக்குப் பணம் கொடுக்கத் தயங்காத வாசகர்களும் இதே ஊரில் கிடைத்தார்கள். கட்டணத்தையும் உறுப்பினரையும் நம்பி நிற்கும் செய்தித் தளங்கள் இங்கே வேர்விட்டதில் வியப்பில்லை.

அச்சில் ஒரு முன்னோடி

வாசகர் பணத்தில் மட்டும் ஓர் ஊடகம் நிற்க முடியும் என்பதைப் பெங்களூரு இணையத்துக்கு முன்பே கண்டிருக்கிறது. கன்னட எழுத்தாளரும் நாடக, திரைப்பட இயக்குநருமான பி.லங்கேஷ் 1980-இல் தொடங்கிய ‘லங்கேஷ் பத்திரிகெ’ வார இதழ், விளம்பரம் வாங்குவதில்லை என்ற கொள்கையுடன் நடந்தது. பிரதிகள் விற்று வந்த காசே அதன் வருமானம். ஆட்சியாளர்களைக் கடுமையாக விமர்சித்த அந்த இதழை, அரசு விளம்பரத்தை நிறுத்தி யாரும் மிரட்ட முடியவில்லை. நிறுத்துவதற்கு அங்கே விளம்பரமே இல்லை. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் ஓர் ஊடகத்தின் கடமையும் போய்ச் சேரும் என்ற உண்மைக்கு அந்த இதழ் தெளிவான சான்று.

இணையம் வந்தபோது இந்த உறவு அறுந்தது. செய்தித் தளங்கள் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்து, பார்வைக் கணக்கைக் காட்டி விளம்பரம் பெற்றன. அந்த விளம்பரப் பணத்தின் பெரும்பகுதி கூகுள், ஃபேஸ்புக் போன்ற பெருநிறுவனங்களின் பக்கம் போகவே, தளங்களின் கையில் எஞ்சியது தலைப்பைப் பரபரப்பாக்கும் பழக்கம்தான். ‘நியூயார்க் டைம்ஸ்’ 2011 மார்ச்சில், மாதம் 20 கட்டுரைகளுக்கு மேல் படிப்போர் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது. நெதர்லாந்தில் 2013-இல் ‘டி கரெஸ்பான்டென்ட்’ என்ற தளம், இனிமேல்தான் தொடங்கப்போகும் ஒரு செய்தித் தளத்துக்கு ஆளுக்கு 60 யூரோ கேட்டது. எட்டே நாளில் 15,000 பேர் கொடுத்தார்கள். வாசகர் பணம் கொடுக்கமாட்டார் என்ற முடிவு அவசரமானது என்பது அப்போது தெரிந்தது.

பெங்களூருவின் இரு வழிகள்

2016 அக்டோபரில் பெங்களூருவில் தொடங்கிய ‘தி கென்’ முதல் வழியைத் தேர்ந்தது. வணிக இதழியலில் அனுபவம் பெற்ற ரோஹின் தர்மகுமார், சீமா சிங், ஆஷிஷ் மிஸ்ரா ஆகியோர் இதன் நிறுவனர்களில் சிலர். வாரநாள்களில் நாளுக்கு ஒரே ஒரு நீண்ட கட்டுரை, விளம்பரம் கிடையாது, படிக்க ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும் என்பது அதன் தொடக்க கால ஏற்பாடு. அடுத்த மாதமே, நவம்பர் 8 அன்று பணமதிப்பு நீக்கம் அறிவிக்கப்பட்டது. அதன்பின் இணையவழிப் பணப் பரிமாற்றம் நாடெங்கும் பழக்கமானது. 2020-இல் ‘தி கென்’ தென்கிழக்கு ஆசியாவுக்கும் தனிப் பதிப்பு தொடங்கியது. நூறு செய்திகளுக்கு நடுவே நூற்றோராவதாக இருப்பதைவிட, வேறெங்கும் கிடைக்காத ஒன்றை நாள்தோறும் தருவதே கட்டணத்துக்கு நியாயம் சேர்க்கும் என்பது இதன் பாடம். இங்கே கட்டணம் கட்டியவர் படிக்கலாம். கட்டாதவருக்குக் கதவு மூடியிருக்கும்.

‘தி நியூஸ் மினிட்’ இரண்டாம் வழியில் நடக்கிறது. தன்யா ராஜேந்திரன், சித்ரா சுப்ரமணியம், விக்னேஷ் வெள்ளூர் ஆகியோர் 2014-இல் தொடங்கிய இந்தத் தளம், பெங்களூருவிலிருந்து தென்மாநிலச் செய்திகளைத் தருகிறது. பிற்பாடு உறுப்பினர் திட்டத்தைக் கொண்டுவந்தபோதும், அன்றாடச் செய்திகளை எல்லோருக்கும் திறந்தே வைத்தது. டெல்லியில் 2012-இல் தொடங்கிய ‘நியூஸ்லாண்ட்ரி’யும் வாசகர் சந்தாவைத் தூணாகக் கொண்டது. இவ்விரு தளங்களும் ‘ஸ்க்ரோல்’ தளமும் 2024-இல் தேர்தல் பத்திரத் தரவுகளைக் கூட்டாக ஆராய்ந்தன. தனித்தனியே செய்ய முடியாத பெரிய வேலையைச் சிறிய தளங்கள் கைகோத்துச் செய்யலாம் என்பதற்கு அது எடுத்துக்காட்டு. இந்த வழியில் பணம் கட்டுபவர் தனக்கென ஒரு கதவைத் திறந்துகொள்வதில்லை. எல்லோருக்கும் திறந்திருக்கும் கதவு மூடாமல் இருக்கப் பணம் தருகிறார்.

மூன்றாவதாக அறக்கட்டளை வழியும் உண்டு. பெங்களூருவின் குப்பை, தண்ணீர், ஏரி, போக்குவரத்து ஆகியவற்றைப் பற்றி 2008 முதல் எழுதிவரும் ‘சிட்டிசன் மேட்டர்ஸ்’, ஊர்வாணி அறக்கட்டளையின் கீழ், நன்கொடைகளையும் நல்கைகளையும் கொண்டு நடக்கிறது. குடிநீர்க் குழாய் பற்றிய செய்தியைக் கட்டணச் சுவருக்குப் பின்னால் வைத்தால், அது யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே எட்டாமல் போகும்.

எந்த வழி என்பதை உள்ளடக்கமே சொல்லிவிடும். படிப்பவரின் தொழிலுக்கோ படிப்புக்கோ நேரடிப் பயன் தருவதற்குக் கட்டணச் சுவர் பொருந்தும். ஊருக்கே தெரிய வேண்டியதற்கு உறுப்பினர் ஆதரவும் நன்கொடையும் பொருந்தும். இரண்டையும் குழப்பி, பொதுநலத்தின் பெயரால் பணம் கேட்டுவிட்டுக் கதவையும் மூடும் தளம் இரு தரப்பு நம்பிக்கையையும் இழக்கும்.

வாக்கும் விலையும்

தொடங்குபவர் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது மென்பொருளின் பெயரை அல்ல, உறுப்பினருக்குக் கொடுக்கும் வாக்கை. என்ன தரப்படும், எத்தனை நாளுக்கு ஒருமுறை, யார் தருவார்கள் என்பது இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும். வாரம் ஒரு பாடம் என்று சொல்லி வாரந்தோறும் தருபவர், நாளுக்கு மூன்று என்று சொல்லி ஒன்று தருபவரைவிட நெடுநாள் நிற்பார். கட்டணம் கேட்பதற்கு முன் சில மாதங்களாவது இலவசமாகவே அந்த வாக்கை நிறைவேற்றிக் காட்டுவது நல்லது. அந்த மாதங்களில் சேரும் மின்னஞ்சல் முகவரிகளே பின்னாளில் முதல் உறுப்பினர்களாகும்.

விலையை வைக்கும்போது மனக்கணக்கு போதாது. இணையவழிச் சேவைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பணம் பெற்றுத் தரும் நிறுவனம் பொதுவாக நூற்றுக்கு 2 ரூபாய் பிடிக்கும். நால்வர் கொண்ட ஒரு சிறு தளத்துக்குச் சம்பளம், வாடகை, சர்வர் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 48 லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் வரியோடு 1,180 ரூபாய் கட்டினால், 180 ரூபாய் அரசுக்கும் ஏறத்தாழ 24 ரூபாய் பணப் பரிமாற்றத்துக்கும் போய், 976 ரூபாய் மிஞ்சும். செலவை ஈடுகட்ட ஏறக்குறைய 4,900 பேர் வேண்டும். வரியை மறந்து, எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய் என்று அறிவித்தால் கையில் நிற்பது ஏறத்தாழ 827 ரூபாய்தான். அப்போது 5,800 பேர் வேண்டும். விலையில் செய்த ஒரு சிறு கவனக்குறைவு 900 உறுப்பினரைத் தேடும் கூடுதல் சுமையாகிறது.

இந்த வரியில் ஒரு முரணும் இருக்கிறது. அச்சிட்ட நாளிதழுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அச்சில் வெளிவந்த புத்தகத்தின் மின்பதிப்புக்கு 5 சதவீதம். இணையத்தில் மட்டும் வரும் செய்திக்கோ 18 சதவீதம். அறிவுக்கு வரி கூடாது என்ற எண்ணத்தில்தான் அச்சுக்கு விலக்கு தரப்பட்டது என்றால், அந்த எண்ணம் காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது. சிறு தளங்களின் மூச்சை இறுக்கும் இந்த வேறுபாட்டை ஜிஎஸ்டி கவுன்சில் நீக்க வேண்டும். இப்போதைக்கு உள்ள ஆறுதல், சேவை தருவோரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை, கர்நாடகம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்பது. ஆண்டுக்கு 1,000 ரூபாய் வாங்கும் தளம் 2,000 உறுப்பினர்கள் வரை இந்த எல்லைக்குள் நிற்கலாம்.

பணம் வரும் பாதை

மாதாமாதம் உறுப்பினரின் கணக்கிலிருந்து தானாகக் கட்டணம் எடுக்கும் முறையைப் பல தளங்கள் விரும்பும். இந்தியாவில் இதற்கு ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடுகள் உண்டு. 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, முதல்முறை ஒப்புதலை ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்போடு பெற வேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு போக வேண்டும். வேண்டாம் என்று உறுப்பினர் விலக வழி இருக்க வேண்டும். தொடக்கத்தில் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவைப்பட்டது. 2022 ஜூனில் இந்த வரம்பு 15,000 ரூபாயாக உயர்ந்தது. யுபிஐ வழியே இதே வசதியைத் தரும் ஆட்டோபே 2020 ஜூலையில் வந்தது.

இந்த விதிகள் வந்தபோது, அட்டையில் ஓடிக்கொண்டிருந்த சந்தாக்கள் பல அறுந்தன. தளங்கள் நொந்துகொண்டன. நெடுநோக்கில் பார்த்தால் இவை நல்லவையே. மறதியால் கட்டப்படும் பணத்தை வருமானமாக நம்பும் தளம், தன் பணி பிடித்திருக்கிறதா என்று வாசகரிடம் கேட்டறியும் வாய்ப்பை இழக்கிறது. 24 மணி நேர அறிவிப்பு அந்தக் கேள்வியை மாதந்தோறும் எழுப்புகிறது. சிறு தளங்கள் ஆண்டுச் சந்தாவை முதன்மையாக வைத்து, முடியும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே மனிதர் எழுதியது போன்ற ஒரு மடலை அனுப்பினால், தானியங்கிப் பிடித்தத்தைச் சார்ந்திருக்கவே வேண்டாம்.

சட்டத்தின் எல்லைகள்

உறுப்பினராகச் சேர ஒரு சொடுக்கு, விலகப் பத்துப் பக்கம் என்று தளத்தை அமைப்பது இப்போது நெறிமீறல் மட்டுமில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்கள், நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. சந்தாவிலிருந்து வெளியேற முடியாமல் சிக்கவைப்பதும் அவற்றுள் ஒன்று. இலவச முன்னோட்டம் என்று சொல்லி அட்டை விவரங்களை வாங்கி, பிறகு சொல்லாமல் பணம் எடுப்பதும் இதே வகையைச் சேர்ந்தது.

உறுப்பினர்களின் பெயர், கைபேசி எண், முகவரி எல்லாம் தளத்திடம் சேர்கின்றன. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இதற்கான கடமைகளைச் சொல்கிறது. எதற்காக வாங்கப்படுகிறது என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். அந்த நோக்கம் முடிந்ததும் அழிக்க வேண்டும். இதில் சட்டத்தைவிட எளிய விதி ஒன்று உண்டு. வேலைக்குத் தேவைப்படாத விவரத்தைக் கேட்காமலே இருப்பதுதான் அது. மின்னஞ்சலில் பாடம் அனுப்பும் தளத்துக்கு உறுப்பினரின் பிறந்தநாள் எதற்கும் உதவாது. அட்டை எண்களைத் தளம் தானே சேமிக்கக் கூடாது. அதைப் பணப் பரிமாற்ற நிறுவனமே கையாளட்டும்.

சில துறைகளுக்குத் தனி உரிமமும் வேண்டும். எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று கட்டணம் பெற்றுச் சொல்லும் தளம், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். உறுப்பினர் குழு என்று பெயர் மாற்றிக்கொள்வதால் இந்தக் கடமை போகாது. செய்தித் தளங்களுக்கு 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் குறைதீர்க்கும் ஏற்பாட்டை வலியுறுத்துகின்றன. வெளிநாட்டு முதலீட்டுக்கு 26 சதவீதம் என்ற உச்சவரம்பும் உண்டு.

தளமும் தொடர்பும்

தொழில்நுட்பம் இன்று பெரிய தடையில்லை. கோஸ்ட், வேர்ட்பிரஸ் போன்ற திறமூல மென்பொருள்களைக் கொண்டு கட்டணத் தளத்தை அமைக்கலாம். சப்ஸ்டாக் போன்ற சேவைகள் வருமானத்தில் 10 சதவீதம் எடுத்துக்கொண்டு எல்லா ஏற்பாட்டையும் தாமே செய்கின்றன. எதைத் தேர்ந்தாலும் ஒரு கேள்விக்கு முன்கூட்டியே விடை வேண்டும்: நாளை இந்தச் சேவையை விட்டுப் போனால், உறுப்பினர் பட்டியலைக் கையோடு எடுத்துப்போக முடியுமா? முடியாது என்றால் அந்த வீட்டில் குடியேறக் கூடாது.

மின்னஞ்சல் பட்டியலின் அருமையை ஒரு நிகழ்வு உணர்த்துகிறது. 2025 பிப்ரவரி 15 அன்று, ஒரு கேலிச்சித்திரத்தை முன்னிட்டு விகடன் இணையதளம் பலருக்கும் முடங்கியது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரத்தைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லி, முடக்கத்தை விலக்க உத்தரவிட்டது. பணம் கட்டிய வாசகர் தளத்துக்குள் நுழைய முடியாத நாள்களிலும் அவரைச் சென்றடையும் வழி ஒன்று தளத்தின் கையில் இருக்க வேண்டும். மின்னஞ்சல் அத்தகைய வழி. சமூக ஊடகங்களில் பின்தொடர்வோரின் எண்ணிக்கை அதற்கு ஈடாகாது.

உறுப்பினரைத் தக்கவைத்தல்

புதியவரைச் சேர்ப்பதைவிட இருப்பவரைத் தக்கவைப்பதே முக்கியம் என்பதை மேலே கண்ட கணக்கே காட்டும். 4,900 பேரில் பத்துக்கு மூவர் புதுப்பிக்காமல் போனால், நின்ற இடத்தில் நிற்கவே ஆண்டுக்கு 1,470 பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். விலகுவோர் பத்துக்கு ஒருவராகக் குறைந்தால் 490 பேர் போதும். மிஞ்சும் உழைப்பை எழுத்துக்கும் பாடத்துக்கும் செலவிடலாம்.

சேர்ந்த முதல் மாதத்தில் பயன் கண்டவரே பெரும்பாலும் புதுப்பிப்பார். வரவேற்பு மடலில் தளத்தின் சிறந்த ஐந்து பகுதிகளைச் சுட்டுவது, கேள்விக்கு ஓரிரு நாளில் ஆள் பெயரோடு பதில் எழுதுவது, பிழை நேர்ந்தால் மறைக்காமல் திருத்துவது ஆகியவை செலவில்லாத வழிகள். விலகுபவரிடம் காரணம் கேட்கலாம். கெஞ்சவோ தடுக்கவோ கூடாது. மரியாதையோடு வழியனுப்பப்பட்டவர் திரும்பி வருவதற்கு இடமுண்டு.

உறுப்பினர் என்ற உறவு தமிழருக்குப் புதிதில்லை. அல்சூரில் உள்ள, 1950 முதல் இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளில், உறுப்பினருக்கு நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. இணையதள உறுப்பினருக்குப் பெரும்பாலும் வாக்குரிமை கிடையாது. அந்தக் குறையை ஈடுசெய்ய, தளம் ஆண்டுக்கு ஒருமுறையாவது வரவு செலவை வெளியிட வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தனர், பணம் எதற்குப் போனது, முதலீடு செய்தவர் யார், சொன்னதில் எது நிறைவேறவில்லை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பணம் தருபவரை வாடிக்கையாளராக மட்டும் நடத்திவிட்டு உறுப்பினர் என்று அழைப்பது முறையாகாது.

முன்பணமும் முடிவும்

ஆண்டுச் சந்தாவாக வரும் தொகை வந்த நாளிலேயே தளத்தின் சொந்தப் பணமாகிவிடாது. 1,200 ரூபாய் கட்டியவருக்கு மாதம் 100 ரூபாய்க்கான சேவை தரத்தரத்தான் அது வருமானமாகிறது. மீதி, இன்னும் நிறைவேறாத வாக்கு. கணக்கியலில் அது கடன் பக்கத்தில் நிற்கும். புதிய உறுப்பினரின் பணத்தில் பழைய உறுப்பினருக்கான செலவைச் சமாளிக்கும் தளம், சேர்க்கை மந்தமாகும் முதல் ஆண்டிலேயே தடுமாறும். ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியே வைத்திருப்பது பாதுகாப்பு.

நல்ல தளங்களும் மூடப்படும். டி கரெஸ்பான்டென்டின் ஆங்கிலத் தளம், 2018-இல் 45,000-க்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய பணத்தைக் கொண்டு தொடங்கப்பட்டது. 2021 ஜனவரி 1 அன்று அது நின்றுபோனது. டச்சு மொழித் தளம் தொடர்ந்தது. ஒரே நிறுவனம், ஒரே முறை. ஆயினும் டச்சு வாசகருக்கு அது தம் நாட்டின் தளம். ஆங்கிலத்திலோ உலகம் முழுவதுக்கும் என்று சொன்னபோது யாருக்கும் நெருக்கமாகாமல் போனது என்று கருத இடமிருக்கிறது. தமிழில் கட்டணத் தளம் தொடங்க நினைப்பவர் சந்தையின் சிறுமையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சில ஆயிரம் பேருக்கு உறுதியாகத் தேவைப்படும் ஒன்றைத் தர முடிந்தால் தமிழிலும் ஒரு சிறு தளம் நிற்கும்.

மூட வேண்டி வந்தால் அதற்கும் முறை உண்டு. முதலில் புதிய சேர்க்கையை நிறுத்த வேண்டும். மூடும் நாளைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். மீதமுள்ள மாதங்களுக்கான பணத்தைத் திருப்பித் தர வேண்டும். உறுப்பினர் விவரங்களை வேறு யாருக்கும் விற்காமல் அழிக்க வேண்டும். இதுவரை வெளியிட்டவற்றை எல்லோருக்கும் திறந்துவிட்டு, ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். இந்த ஐந்தையும் தொடங்கும் நாளிலேயே உறுப்பினர் விதிகளில் எழுதிவைக்கும் தளத்துக்குத்தான் முன்பணம் கேட்கும் தகுதி முழுமையாக வருகிறது.